அங்கே வட்ட மேசை இருக்குமா?

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பெண்கள் இருவரும் சௌக்கியமா? அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிரில் வலி கூடியிருக்கும். வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டாலும் பிடித்து உட்காரவைத்துத் தைலம் தேய்த்துவிடு.

தபாலில் கடிதம் வந்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் நம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வாரம் எங்காவது போக வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிரிக்காதே. போன தடவை நடந்த கூத்து எனக்கும் மறக்கவில்லை. கடற்கரைக்குத்தான் போவது என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். உன் மாமா அறை வாடகையில் பேரம் பேசியே பாதிப் பொழுதைப் போக்கினார். அப்பாவால் மணலில் நடக்க முடியவில்லை. நீயோ லீவிலும் லிஃப்ட் மெக்கானிக் புத்தியை விடாமல், விடுதி லிஃப்ட் முனகுகிறது என்று அதன் கூரை மேல் ஏறி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டாய். போகும்போது ஒரே பஸ்ஸில் போனவர்கள் திரும்பும்போது இரண்டு பஸ்ஸில் வந்தோம். அதற்கப்புறம் நாம் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கியதே இல்லை.

யோசித்துப் பார்த்தால் இடம் ஒன்றும் பாவம் செய்யவில்லை. இடத்தை முதலில் முடிவு செய்தோமே, அதுதான் தப்பு. என் வகுப்பில் இப்போது நான் பாடத்தைச் சொல்லித் தொடங்குவதில்லை. மேசை மேல் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். பிள்ளைகள் தோன்றுகிற கேள்வியைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும், வாயால் கேட்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, எந்தக் கேள்விக்கு அடியில் எந்தக் கேள்வி பதுங்கியிருக்கிறது என்று கிளறிக்கொண்டே போவோம். பாடம் தானாக வந்து நிற்கும். தலைமையாசிரியைக்கு இதில் ஏகப் பெருமை. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதையே பயணத்துக்கும் செய்து பார்ப்போம். எந்த ஊர்ப் பெயரையும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது, கேள்வி மட்டும்தான். யார் கேட்டது என்று துருவவும் கூடாது. கடைசியில் எல்லாக் கேள்விக்கும் எந்த இடம் பதில் சொல்கிறதோ, அங்கே போவோம்.

போன் வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவீர்கள். குடும்பக் குழுவிலோ உன் மாமா குரல் பதிவாக அனுப்பித் தள்ளுவார், மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். கடிதம்தான் சரிப்படும்.

இந்த வருஷமே போய்விட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அப்பா காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்து கதை அளப்பாரே, அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அடுத்த வருஷம் எப்படி இருக்குமோ, யார் கண்டது?

பெண்களுக்கு என் முத்தம். பதில் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சரம்மாவின் சுற்றறிக்கை கிடைத்தது. நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் கால் பரவாயில்லை, வாய் அதைவிடப் பரவாயில்லை. பேருந்து நிலையத்து மைக்கை விட்டு இறங்கி இத்தனை வருஷமாகியும், 'காபி வந்து சேர வேண்டிய நேரம் கடந்துவிட்டது, பயணிகள் பொறுமையிழக்கிறார்கள்' என்று எங்கள் சமையலறைக்கு அறிவிப்புக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் காலத்தைப் பற்றி நீ கவலைப்படுவது போலத் தெரிகிறது. கவலையே வேண்டாம். நம்மையெல்லாம் பஸ் ஏற்றிவிட்டுத்தான் அவர் ஏறுவார்.

பிஸ்கட் டின்னின் மூடியில் ஓட்டை போட்டுப் பெட்டியாக்கினோம். மூத்தவளை நாங்கள் இப்போது வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறோம். 'ஊர் பெயர் சொன்னா என்ன தண்டனைன்னு அத்தை எழுதலையே, அப்ப இது எப்படி சட்டமாகும்?' என்று முதல் நாளே வாதாடினாள். இளையவள் குண்டூசி ஒரே நாளில் டின்னை நிரப்பிவிட்டாள். அங்கே பல்லி இருக்குமா? பல்லிக்கும் லீவு உண்டா? சாப்பிட்டதும் தூங்கணுமா? தூங்குற மாதிரி நடிச்சா போதுமா?

வேறொரு சீட்டில் 'அங்கேயும் நான்தான் சமைக்கணுமா?' என்று இருந்தது. இதை யார் கேட்டது என்று துருவவே தேவையில்லை. இன்னொன்றில், 'அங்க லிஃப்ட் இருந்தா அப்பா அது மேல ஏறிடுவாரா?' வீடே கூடி எனக்கு எதிராகச் சதி செய்கிறது.

அப்பா மட்டும் ஒத்துழைக்க மறுக்கிறார். 'எனக்குக் கேள்வி இருந்தா வாயால கேப்பேன். சீட்டெழுத நான் என்ன பரீட்சையா எழுதுறேன்?' என்கிறார். பேனாவைக் கொடுத்தால் காதில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்.

ஒரு விஷயம். உன் கூடத்து ஃபேனில் பேரிங் போய்விட்டது, உள்ளே நுழையும்போதே கீச்சென்று கத்துகிறது என்று போன தடவை வந்தபோது சொன்னேனே, மாற்றினீர்களா? மாமாவுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பிரியமுள்ள,
தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் ஏதும் இல்லையே? வக்கீலம்மாவிடம் சொல்: ஊர்ப் பெயர் சொன்னால் தண்டனை, அந்த ஊருக்குத் தனியாகப் போய்வர வேண்டும்.

பல்லிக் கேள்வியைப் படித்து நானும் என் மகளும் வயிறு குலுங்கச் சிரித்தோம். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அவளிடமே கேட்டுப் பார். இருட்டில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கலாம். அப்படியானால் அறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். பார்த்தாயா, பல்லியிலிருந்து அறைக்கு வந்துவிட்டோம்.

எங்கள் வீட்டுச் சீட்டுகளும் தயார். பேரம் பேச அனுமதி உண்டா? (இதுவும் துருவத் தேவையில்லாதது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு எங்கே போனாலும் கடைப் புத்தி.) சிக்னல் கிடைக்குமா? மழை வந்தால் என்ன செய்வோம்? எல்லாரும் ஒரே மேசையில் உட்கார முடியுமா, அங்கே வட்ட மேசை இருக்குமா? பொழுது சாய்ந்த பிறகும் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருக்குமா? அலை, அருவி, பெரிய சாலை இவையெல்லாம் தள்ளி இருக்குமா?

உன் பக்கத்துச் சீட்டுகளில் படகு, நீச்சல் என்று இரண்டு மூன்று இருக்கின்றன. ஆகவே தண்ணீர் வேண்டும், ஆனால் இரைச்சல் போடாத தண்ணீர். தேடல் எவ்வளவு குறுகிவிட்டது பார்.

ஃபேன் கத்துவதெல்லாம் இல்லை. உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் ரிப்பேர். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அங்கே அவள் கரண்டியைத் தொட்டால் நான் பிடுங்கிவிடுவேன் என்று சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு இருமலும் இல்லை, அடக்கமும் இல்லை. நீ சொன்னது சரிதான். குண்டூசிக்கு இருட்டுத்தான் பயம். ஏழு வயதுப் பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்க எனக்குத் தெரியவில்லை, எங்கோ இருக்கும் உனக்குத் தெரிந்துவிட்டது.

உன் முறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வேலையும் இதுதான். 'லிஃப்ட் பாதியில நிக்குது' என்று கூப்பிடுவார்கள். ஏன் நிற்கிறது? கதவு மூடவில்லை. ஏன் மூடவில்லை? நடுவில் ஏதோ இருப்பதாகக் கதவு நினைத்துக்கொள்கிறது. ஏன் நினைக்கிறது? அந்த மாடியில் யாரோ அழகுக்கு வைத்த பூந்தொட்டியின் இலை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டியை நகர்த்தினால் தீர்ந்தது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் இன்னமும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

அதே போல உங்கள் வீட்டுச் சீட்டுகளையும் கிளறிப் பார்த்தேன். வட்ட மேசை எதற்கு? மாமாவுக்குச் சீட்டாட வேண்டும். வெளிச்சம் எதற்கு? மருமகளுக்குக் கல்லூரித் தேர்வு, படிக்க வேண்டும். அலையும் அருவியும் ஏன் கூடாது? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். யாருக்காவது தண்ணீர் என்றால் பயமா? ஆனால் ஏரியென்றால் சரியாம். பெரிய சாலை ஆகாதாம். பெரிய சாலையில் எங்கே இருக்கிறது தண்ணீர்?

நேற்று மாலை போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். 'அக்கா குளிக்கிறாப்பா' என்றார். போன வாரமும் குளித்துக்கொண்டிருந்தாய், அதற்கு முந்தின வாரமும் குளித்துக்கொண்டிருந்தாய். உங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாதா? ஃபேனைப் பற்றிக் கேட்டேன். 'அதை ஏன் கேக்குற? அது போடுற கூச்சல்ல எனக்குத் தூக்கமே போச்சு. உங்க அக்கா மட்டும் அசையாம தூங்குறா' என்றார்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூட எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறவள் நீ. வயதாக ஆகப் பொறுமை வந்துவிட்டது போல. எனக்கு மட்டும் வரக் காணோம்.

உன் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுது.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே அனைவரும் சுகமா? காய்ச்சல் பரவுகிற காலம், பெண்களுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு.

சட்டத்தை மீறுகிறாய். யார் கேட்டது என்று துருவக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன். கேள்விக்குப் பதில் தேடு, ஆளைத் தேடாதே.

போன வாரம் எங்கள் வகுப்பைப் பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு நடுவில் ஏதோ சொன்னார். 'சார், இங்கே யாராக இருந்தாலும் சீட்டில் எழுதித்தான் போட வேண்டும்' என்றேன். வகுப்பே கைதட்டியது. அவரும் சிரித்துக்கொண்டே எழுதிப் போட்டார். 'இந்த முறையை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?' என்று எழுதியிருந்தார். தானாகத் தோன்றியது என்றேன். எல்லா ஆசிரியர்களுக்கும் நான் ஒருநாள் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். என்ன சாக்குச் சொல்லித் தப்பிப்பது என்று தெரியவில்லை.

ஏரிக்கரை விடுதிகளைப் பற்றி விசாரி. மேசையைப் பற்றியும் மறக்காமல் கேள். அப்பாவிடம் பேனாவைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இரு.

ஆசிகளுடன்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். உன்னைத் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று வெறுமனே கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டுவிட்டேன், 'எல்லாரும் நலம்' என்று கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறாய்.

நேற்று ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. லிஃப்ட் மோட்டார் இருக்கும் மேல்மாடி அறையில் நானும் என் கூட்டாளியும் இருந்தோம். மோட்டார் ஓடும்போது அங்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் நான் அவன் முகத்தில் டார்ச் அடிப்பேன், அவன் என் முகத்தில் அடிப்பான். உதடு தெரிந்தால் போதும், பேச்சு புரிந்துவிடும். இத்தனை வருஷமாக யோசிக்காமல் செய்கிற காரியம் அது. நேற்று டார்ச்சைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. 'என்னாச்சு அண்ணே, ஷாக்கா?' என்று அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

முகம் தெரிகிற வெளிச்சம். எல்லாருடைய முகமும் ஒரே நேரத்தில் தெரிகிற வட்ட மேசை. அலையும் அருவியும் லாரியும் இல்லாத இடம். மூன்று சீட்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மூன்று வாரமும் குளித்துக்கொண்டிருந்த நீ. ஒருமுறைகூட நீ பதில் போடாத குரல் பதிவுகள். மாமாவைத் தூங்கவிடாத ஃபேன் உன்னை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. உன் வகுப்பில் பிள்ளைகள் வாயால் கேட்கக் கூடாது. அந்த அதிகாரி என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை, 'ஏதோ சொன்னார்' என்று எழுதினாய்.

ஊரே கொண்டாடுகிற முறை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் என்னை நன்றாகத் திட்டி எழுது, அந்தத் திட்டைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

சட்டத்தை மீறித்தான் கேட்கிறேன். அக்கா, உனக்குக் காது கேட்கிறதா?

உன்,
தம்பி

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைத்தான் பார்க்கிறேன். அப்பா நேற்று, 'என்னடா, வராத பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிற?' என்றார். ஒன்றுமில்லை என்றேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கேட்டது தப்பென்றால் கேட்காததாக வைத்துக்கொள். விடுமுறைக்கு மட்டும் வந்துவிடு.

தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் கைப்பையில் இருக்கின்றன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். கோபமெல்லாம் இல்லை. கண்டுபிடித்துவிட்டாயே என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, அப்பாடா, ஒருத்தனுக்காவது தெரிந்ததே என்று ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதேன்.

நீ நினைத்தது சரி. இரண்டு காதிலும் நரம்பு தேய்ந்துகொண்டு வருகிறது. முதலில் போனது பிள்ளைகளின் குரல்தான். மெல்லிய குரல்கள், கீச்சுக் குரல்கள். வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று ஏதோ கேட்டாள். மூன்று தரம் 'என்னம்மா?' என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் அழுதுவிட்டாள். மறுநாள் அட்டைப் பெட்டியோடு போனேன். அவ்வளவுதான் என் கல்விப் புரட்சி! அது இப்படிப் பேரெடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டி வந்த பிறகு, வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் எழுதத் தொடங்கினார்கள். ஆகவே அது முழுப் பொய்யும் இல்லை. எது பாதி, எது மீதி என்று எனக்கே இப்போது குழப்பம்.

காதில் வைக்கிற மெஷின் வாங்கிவிட்டேன். பீரோவில் துணிக்கு அடியில் தூங்குகிறது. வைத்துக்கொண்டு போனால் பள்ளிக்குத் தெரியும், தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். உன் மாமாவிடமும் சொல்லவில்லை. 'நான் சொல்றத நீ கேக்கறதே இல்ல' என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அது நிஜமாகியும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சிரித்துக்கொள், நானும் சிரித்தேன்.

கட்டைக் குரல்கள் இன்னும் கேட்கின்றன. அதிலும் அப்பா குரல். அது எவ்வளவு நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த வருஷம் என்று துடித்தேன். இரைச்சலில்லாத ஓர் இடத்தில், எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு, அப்பா பேசுவதை ஒரு வாரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. இதை வேறு யாரிடமும் எழுதிக்கூடப் பார்த்ததில்லை.

யாரிடமும் சொல்லாதே. அந்த மேசையில் உட்கார்ந்து நானே சொல்கிறேன். என்னைப் பார்த்துப் பரிதாப முகம் மட்டும் வைத்துவிடாதே, வைத்தால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன்.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மோட்டார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அங்கேதான் யார் அழுதாலும் வெளியே கேட்காது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், நீ பஸ் ஏறிவிடுவாய். வீட்டில் எல்லாரும் நலம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இடம் கிடைத்துவிட்டது! ஊர்ப் பெயரைச் சொன்னால் தனியாகப் போகச் சொல்வாய், அதனால் சொல்லவில்லை. ஏரிக்கரையில் ஒரு பழைய விருந்தினர் விடுதி. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நானே போய்ப் பார்த்துவந்தேன். மாடியே கிடையாது, ஆகவே லிஃப்டும் கிடையாது. இதைக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். அறைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சமையலுக்கு ஆள் உண்டு. மாமா ஆசைக்கு வாடகையும் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள், அவருக்காகப் பேரம் பேசாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

ஏரி வாயைத் திறப்பதே இல்லை. கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டேன். பழுதைச் சத்தத்தில் பிடிக்கிற காது இது. ஒரு தவளை, அப்புறம் தூரத்தில் யாரோ துணி துவைக்கிற ஓசை, வேறொன்றும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய்க் கைதட்டிப் பார்த்தேன். எதிரொலித்தது. திரைச்சீலை போடுவீர்களா என்று கேட்டேன். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசையெல்லாம் நீளமாக இருக்கிறதே, வட்டமாக ஏதாவது உண்டா என்றேன். விளக்கை எல்லார் முகத்திலும் விழுகிற மாதிரி இறக்கிக் கட்டலாமா என்றேன்.

'ஏம்ப்பா, சாப்பிட வர்றீங்களா, மீட்டிங் போட வர்றீங்களா?' என்றார்.

'எங்க அக்காவுக்கு எல்லார் முகத்தையும் பாக்கணும்மா.'

அந்த அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்து அறையைத் திறந்தார். உள்ளே பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில் ஒரு வட்ட மேசை. ஒரு கால் மட்டும் ஆட்டம். ஒரு போல்ட்டை முடுக்கிக் கட்டையொன்று செருகினேன், இப்போது அப்பாவே ஏறி நின்றாலும் ஆடாது. எட்டுப் பேரும் உட்காரலாம்.

மே மூன்றாம் வாரம் பதிவு செய்துவிட்டேன். மெஷினைப் பீரோவிலிருந்து எடுத்துப் பெட்டியில் வை. நாங்கள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவருகிறோம்.

காத்திருக்கும்,
தம்பி

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

இந்தத் தடவை என் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். காது போன மாதத்தைவிடச் சற்று மந்தம். மனசு தெளிவு. உன் மாமா ஃபேனுக்குப் பேரிங் மாற்றிவிட்டார். முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் எதையும் சொல்கிறார், அதனால் முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார். பயணத்தில் எனக்குக் கிடைத்த உபரி லாபம் இது. நீங்கள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நம் வழிகள் பிரிகிற சந்திப்பு வரை ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தோமே, அதற்கே ஒரு விழா எடுக்க வேண்டும்.

பிரியும்போது நீ என் கையில் திணித்த சீட்டை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். 'நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்தவள், ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டில் எப்படிப் பளிச்சென்று சொன்னாய்?' என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன்.

முதல் நாளே சொல்லிவிடத்தான் நினைத்தேன். மேசையில் உங்கள் முகங்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை. குண்டூசி ஏரித் தண்ணீரில் பல்லி நீந்துமா என்று கேட்கிறாள், உன் மாமா வாடகையைக் குறைத்த வீரத்தைச் சொல்கிறார், இதற்கு நடுவில் என் காதை எங்கே வைப்பது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் கரண்ட் போனதே, நினைவிருக்கிறதா? அப்பா அந்தத் தூங்குமூஞ்சி டிரைவர் கதையில் பாதியில் இருந்தார். இருட்டில் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நீங்கள் எல்லாரும் குறுக்கே குறுக்கே பேசினீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிட்டது. விளக்கு வந்தபோது எல்லாரும் சிரித்து முடித்திருந்தீர்கள். நான் அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நீங்கள் எல்லாரும் படகுக்குப் போய்விட்டீர்கள். அப்பா முழங்காலைச் சாக்குச் சொல்லி நின்றுவிட்டார். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, காதிலிருந்து பேனாவை எடுத்தார். டின் பக்கத்திலிருந்த சீட்டில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். டின்னுக்குள் போடாமல் நேராக என் முன்னால் நகர்த்தினார். பரீட்சை எழுத மாட்டேன் என்றவரின் முதல் சீட்டு அது, ஒரே வரி.

'நான் சத்தமாகப் பேசவா, பக்கத்தில் வந்து பேசவா?'

நீ சொல்லியிருப்பாயோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன், மன்னித்துக்கொள். நிமிர்ந்து பார்த்தேன். 'எத்தனை வருஷம் மைக் புடிச்சவன் நான்! கூட்டத்துல யாருக்குக் கேக்கலன்னு மொகத்தப் பாத்தே சொல்லிடுவேன்' என்றார். அவர் குரல் லேசாக உடைந்தது. எனக்கு அது நன்றாகவே கேட்டது.

'பக்கத்துல வாங்கப்பா' என்றேன்.

நாற்காலியை இழுத்துக்கொண்டே மேசையைப் பாதி சுற்றி வந்தார். அறைக்குள் ஓடிப்போய் மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு வந்தேன். அவர் கொஞ்சம் சாய்ந்து அழகு பார்த்தார். அதற்குப் பிறகு உங்களிடம் சொல்வது எனக்கு ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை.

நாளை பள்ளி திறக்கிறது. மெஷினோடுதான் போகிறேன். தலைமையாசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாயிற்று. அவர் என்ன சொல்வாரோ தெரியாது. பெட்டி மட்டும் மேசை மேல் அப்படியே இருக்கும். முதல் சீட்டில் 'டீச்சர், காதுல அது என்ன?' என்று இருக்கும். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து தேடுவோம்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். அப்பாவின் முழங்காலுக்குத் தைலத்தை மறக்காதே.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? இருட்டில் போன அந்த டிரைவர் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னார். பஸ் நிலையத்தையே கிடுகிடுக்க வைத்த மனிதர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாக. இந்த முறை நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

உன்,
அக்கா